தொடர் கணக்கின் ஏழாம் விதி

1973 செப்டம்பர் 15, சனி

கணித ஆசிரியர் மன்றக் கூட்டம். பேசியது கொஞ்சம், குடித்த சாயா அதிகம். கடைசியில் இந்த வருஷப் போட்டிக்கு விதிகள் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "அகிலாண்டம் டீச்சர் எழுதினா ஓட்டையே இருக்காது" என்றார் தலைவர் வெங்கிடாசலம் சார். காலேஜில் கணக்குப் புரொபஸராக இருந்து ஓய்வு பெற்றவர். புகழ்ந்தே வேலை வாங்குவதில் கெட்டிக்காரர். ஒப்புக்கு மறுத்துவிட்டு ஒத்துக்கொண்டேன். உள்ளூர ஆசைதான், எதற்கு மறைக்க வேண்டும்?

போன வருஷம் நடந்தது போட்டியா, சந்தையா? கண்ணை மூடிக்கொண்டு எதையோ எழுதி வைத்தவனுக்கு மதிப்பெண், யோசித்துத் தெரியவில்லை என்று விட்டவனுக்குப் பூஜ்யம். யார் ஜெயித்தார்கள் என்ற சண்டை தீபாவளி வரை ஓடியது. இந்த வருஷம் அப்படி விளையாட முடியாது. ஓர் அறக்கட்டளை பரிசு தருகிறது. பாலக்காடு, இடுக்கி இரண்டு ஜில்லாவிலும் உள்ள தமிழ் மீடியம் பள்ளிகளிலிருந்து, பத்தாம் வகுப்பில் பள்ளிக்கு ஒரு ஜோடி. ஜெயிக்கிற ஜோடிக்கு ப்ரீ டிகிரி இரண்டு வருஷமும் படிப்பு, ஹாஸ்டல் எல்லாம் இலவசம். 

ஆகவே கறாராக எழுத வேண்டும். இரக்கத்துக்குக் கணக்கில் இடம் கிடையாது என்று வகுப்பில் நான் சொல்வது வழக்கம். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரும் எனக்குத் தெரியும்.

1973 அக்டோபர் 10, புதன்

விதிகள் முடிந்தன. சரியான விடைக்கு இரண்டு மதிப்பெண். தப்பான விடைக்கு ஒன்று கழிப்பு. எழுதாமல் விட்டால் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதுகிறவர்களுக்குக் கொஞ்சம் வலிக்க வேண்டும்.

தொடர் கணக்கு என்பது என் சொந்த யோசனை. ஜோடியில் ஒருத்தி முன் பெஞ்சு, மற்றவள் பின் பெஞ்சு. ஒவ்வொரு கணக்கும் இரண்டு பாதி. 'அடுத்தடுத்த மூன்று இரட்டை எண்களின் கூட்டுத்தொகை 72, நடு எண் என்ன?' என்பது முன் பெஞ்சுக்கு. அவள் 24 என்று சீட்டில் எழுதிப் பின்னால் நீட்டினால்தான், 'அந்த நீளத்தைப் பக்கமாக உடைய சதுரத்தின் சுற்றளவு என்ன?' என்பதைப் பின் பெஞ்சு போட முடியும். பின் பெஞ்சு எழுதும் விடைக்கு மட்டுமே மதிப்பெண். இது ஏழாம் விதி. பேசக் கூடாது, பார்த்து எழுதக் கூடாது என்பது எட்டாவது.

இவரிடம் படித்துக் காட்டினேன். ஒலவக்கோடு ரயில்வே ஆபீஸில் விதிப் புத்தகத்தோடு குடித்தனம் நடத்துகிற மனுஷர். கேட்டுவிட்டு, "எங்க புஸ்தகத்துல ஒவ்வொரு விதிக்கு அடியிலயும் ஒரு விபத்து படுத்திண்டிருக்கும். நீ விபத்து நடக்கறதுக்கு முன்னாடியே எழுதறே. நன்னாத்தான் இருக்கு" என்றார். புகழ்ச்சியா, கேலியா? இவரிடம் எப்போதும் இந்தக் குழப்பம்.

1973 நவம்பர் 17, சனி

தேர் முடிந்து தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. விருந்தாளிகள் போயாயிற்று. வினாத்தாளை மூன்றாம் முறை சரிபார்த்தேன்.

1973 நவம்பர் 23, வெள்ளி

வெளியூர்ப் பள்ளிகள் வந்துவிட்டன. கடைசியாக வந்தது தேவிகுளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் பள்ளி. விடிவதற்கு முன் மலையிலிருந்து பஸ் பிடித்து, உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி என்று மாறி மாறி, சாயங்காலம் வந்து சேர்ந்தார்கள். இரண்டு பெண்கள். வேலுத்தாய், குருவம்மாள். அத்தை மகள், மாமன் மகள். கூட வந்த பிச்சைமணி சார் அவர்களுடைய கணக்கு வாத்தியார். சின்ன வயசு. பஸ்ஸில் வாந்தி எடுத்த குருவம்மாளைவிட அவர்தான் அதிகம் வாடியிருந்தார்.

தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "பரீட்ச முடிஞ்சதும் ரெண்டும் படிப்ப நிப்பாட்டிரும் டீச்சர். கொழுந்து எடுக்கப் பேரு குடுத்தாச்சு. இந்தப் பரிசு ஒண்ணுதான் வழி. அதுக கிட்ட நான் இத சொல்லல. சொன்னா கை நடுங்கிரும்."

இதையெல்லாம் விதி எழுதினவளிடம் சொல்லக் கூடாது என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும் கேட்டுக்கொண்டேன்.

எல்லாரையும் பள்ளிக்கூட ஹாலிலேயே படுக்க வைத்தோம். இந்தக் களைத்துப்போன குழந்தைகள் இரண்டையும் வீட்டுக்கு அழைத்துப்போய் வெந்நீர் வைத்துக் கொடுக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம் எங்கள் அக்ரஹாரத் தெருவை நினைத்தேன். யார் என்ன கேட்பார்கள் என்று நினைத்தேன். ரசமும் சாதமும் கொடுத்தனுப்பினேன். 

1973 நவம்பர் 24, சனி

எழுதவே கை வரவில்லை. ஆனால் எழுதாவிட்டால் நாளைக்கு என்னிடமே மாற்றிச் சொல்லிக்கொள்வேன்.

பத்துக் கணக்குகள், ஒரு மணி நேரம். முன் பெஞ்சில் குருவம்மாள், பின் பெஞ்சில் வேலுத்தாய். வேலுத்தாய் போடுகிற வேகத்தை நானே பார்த்தேன். சீட்டு வந்த கையோடு விடை எழுதிவிட்டு அடுத்த சீட்டுக்காக உட்கார்ந்திருந்தாள். குருவம்மாள் மெதுவாகத்தான் போட்டாள். அவள் கொடுத்த ஒரு சீட்டு தப்பு. அதனால் ஒரு விடையும் தப்பு.

கடைசி மூன்று கணக்கு மீதியிருக்கும்போது, நான் ஹாலில் இல்லாத நேரம், வேலுத்தாய் எழுந்தாள். முன் பெஞ்சுக்குப் போய்க் குருவம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய வினாத்தாளைத் தன் பக்கம் இழுத்து, அந்த மூன்று கணக்கின் முதல் பாதியையும் தானே போட்டாள். பிறகு பின்னால் வந்து இரண்டாம் பாதியையும் போட்டு முடித்தாள். பேசவில்லை. எதையும் பார்த்து எழுதவில்லை. ஒளிக்கவும் இல்லை. மேற்பார்வைக்கு இருந்த எங்கள் பள்ளியின் இளைய வாத்தியார் வாயைப் பிளந்துகொண்டு நின்றாராம். "எந்த விதியைச் சொல்லித் தடுக்கறது டீச்சர்?" என்று என்னையே கேட்டார்.

கூட்டிப் பார்த்தால் மலைப் பெண்கள் பதினேழு. அடுத்தது பதினாறு, எங்கள் பள்ளியின் பட்டுவும் ருக்மணியும். நான் சொல்லிக்கொடுத்த பெண்கள். அதற்கடுத்துப் பதினான்கு, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பள்ளி.

வேலுத்தாயைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏன் அப்படிப் பண்ணினே?"

"அவ நெரை முடியல டீச்சர். எனக்கு முடிஞ்சிட்டு. சும்மா எப்பிடி நிக்க?"

எனக்குப் புரியவில்லை. பிச்சைமணி சார்தான் விளக்கினார். மலையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் தேயிலைச் செடியில் ஒரு வரிசை, அதுதான் நிரை. தன் நிரையை முடித்தவள் பக்கத்து நிரையில் இறங்கிக் கை கொடுப்பாள். "முடிச்சிட்டு சும்மா நின்னாத்தான் தப்பு டீச்சர். அப்பிடி நிக்கிறவள லயத்து வீடுக பூரா பேசும்." இது எதில் போய் முடியும் என்று சொல்லும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

ஆபீஸ் ரூமில் நாங்கள் மூன்று பேர். வெங்கிடாசலம் சார், கொழிஞ்சாம்பாறை ஹெட்மாஸ்டர் ஆறுமுகசாமி, நான். அந்த மூன்று கணக்கையும் ரத்து செய்தால் மலைப் பெண்கள் பதினொன்றுக்கு இறங்குவார்கள். எங்கள் பள்ளி முதல். ஆறுமுகசாமியின் பள்ளி இரண்டாவது. அப்படியிருந்தும் அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"ஏனுங்க டீச்சர், கூடாதுன்னு விதியில எங்கீங்க இருக்குது? இல்லாத விதிய வெச்சு அந்தப் புள்ளைங்கள எப்படீங்க தள்றது?"

வெங்கிடாசலம் சார் என்னைப் பார்த்தார். "எழுதினது நீங்களாக்கும். ஏழாம் விதியை என்ன நெனச்சுண்டு எழுதினேள்? அதைச் சொல்லுங்கோ, அதுதான் தீர்ப்பு."

"அவாவா பங்கை அவாவா செய்யணும்னுதான் எழுதினேன்" என்றேன்.

முடிந்தது. மூன்று கணக்கும் ரத்து. 

பரிசளிப்பில் பட்டுவும் ருக்மணியும் மேடையேறினார்கள். மலைப் பெண்கள் கை தட்டினார்கள். வேலுத்தாய் என்னிடம் வந்து, "சொல்லியிருந்தா செஞ்சிருக்க மாட்டேன் டீச்சர்" என்றாள். கோபம் இல்லை. தகவல் சொல்கிற மாதிரி சொன்னாள்.

1973 நவம்பர் 25, ஞாயிறு

என்ன நினைத்துக்கொண்டு எழுதினேன்?

இதைத்தானே கேட்டார். இன்று பூராவும் யோசித்துப் பார்க்கிறேன். அந்த அக்டோபர் நாளில் அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. விதியை எழுதினேன், போய்க் கிண்டினேன், திரும்பி வந்து எழுதினேன். பின் பெஞ்சுக்காரி எழுந்து முன்னால் போவாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஆகவே அதைத் தடுக்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை. ஒன்றுமே நினைக்கவில்லை. அதுதான் உண்மை. 'அவாவா பங்கு' என்பது ஆபீஸ் ரூமில், அவர் கேட்ட அந்தக் கணத்தில் வந்த வார்த்தை. முன்னாலேயே நினைத்திருந்த மாதிரி அத்தனை சுளுவாகச் சொல்லிவிட்டேனே!

தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதினால் ஒன்று கழிப்பு. சொன்னால்?

இரண்டாவதாக நின்றது எங்கள் பள்ளியாக இல்லாமல் வேறு பள்ளியாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? தெரியவில்லை. என்னைப் பற்றி எனக்கே தெரியாத ஒன்று இருக்கிறது என்பது இந்த வயசில் நன்றாக இல்லை.

இவரிடம் சொன்னேன். "கார்டு கொடி காட்டிட்டா வண்டி போயிடும். அப்புறம் கூப்பிட முடியாது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆறுதலாக இல்லை.

1973 நவம்பர் 26, திங்கள்

பள்ளியில் பிரேயர் முடிந்ததும் எனக்கும் கைதட்டல். "நம்ம அகிலாண்டம் டீச்சரோட தயாரிப்பு" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். தலை குனிந்து நின்றதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

1973 டிசம்பர் 9, ஞாயிறு

வெங்கிடாசலம் சார் வீட்டுக்குப் போய், நான் சொன்னது பிசகு, எதையும் நினைத்து எழுதவில்லை என்றேன். வெகு மரியாதையாகக் காபி கொடுத்தார். "அறக்கட்டளைக்குப் பேர் போயாச்சு டீச்சர். இனி அதைத் தொடப்படாது. கேட்டேளா, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்கோ." ஊருக்கு உபதேசம் பண்ணுகிற வாய் எனக்கும் உண்டு. அதனால் எதிர்த்துப் பேசவில்லை.

1974 மே 14, செவ்வாய்

ரயில் ஸ்ட்ரைக். இவர் வீட்டில். பேப்பரைப் பார்க்கவும் பயம், பார்க்காமலிருக்கவும் பயம்.

1974 மே 30, வியாழன்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டது. எங்கள் பெண்கள் இருவரும் முதல் வகுப்பு. மலைப் பெண்களும் பாஸ் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் பட்டு வந்தாள். கையில் கல்கண்டு. அவள் அப்பாவுக்குப் பம்பாய்க்கு மாற்றல், எல்லாருமாகப் போகிறார்களாம். மாதுங்காவில் வீடு பார்த்தாயிற்று. போகிற போக்கில் சொன்னாள். "அந்த ஹாஸ்டல் எனக்கு வேண்டாம் மாமி. அங்கேயே பெரிய காலேஜ் இருக்காம். வேற யாருக்கானும் குடுத்துடச் சொல்லுங்கோ."

குழந்தை. அவள் மேல் என்ன குற்றம்? வேண்டாத பலகாரத்தைத் தட்டில் ஒதுக்குகிற மாதிரி ஒதுக்கிவிட்டுப் போனாள். நான் கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றேன்.

ஒரு இடம் காலி. ருக்மணி தன்னுடையதை விடவில்லை, ஏன் விட வேண்டும்? அந்த ஒன்று.

1974 ஜூன் 3, திங்கள்

வரிசைப்படி அந்த இடம் ஆறுமுகசாமி பள்ளிக்குத்தான் போக வேண்டும். பஸ் பிடித்துப் போய் அவரைப் பார்த்தேன். நான் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே கையைத் தூக்கிவிட்டார். "நம்ம பசங்க ரெண்டு பேரும் கோயமுத்தூர்ல சேர்றாங்க டீச்சர். நீங்க மலைக்குப் போங்க. போயி அந்த வேகமாப் போடற புள்ளயக் கூட்டிட்டு வாங்க. மன்றத்துல நான் பேசிக்கறனுங்க."

அவருக்கு நான் என்ன கைம்மாறு செய்வது? 

1974 ஜூன் 9, ஞாயிறு

மலையிலிருந்து இப்போதுதான் திரும்பினேன். உடம்பெல்லாம் வலி.

முந்தாநாளே கிளம்பி, நேற்று மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். ஒரே மழை. பிச்சைமணி சார் குடையோடு வந்து, நேராகக் காட்டுக்கே அழைத்துப் போனார். இருவரும் பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்றார்கள். தலையில் சாக்கு, இடுப்பில் சாக்கு, முதுகில் கூடை. அடையாளமே தெரியவில்லை. வேலுத்தாய்தான் முதலில் பார்த்தாள். "ஐயோ டீச்சர், நனையுதீங்களே!" என்று சிரித்தாள்.

விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரு எடந்தானா டீச்சர்?"

"ஒண்ணுதான்."

கை நிற்கவில்லை. கிள்ளிக்கொண்டே யோசித்தாள். பத்துச் செடி தூரம்கூட நகர்ந்திருக்க மாட்டாள்.

"அப்ப குருவம்மா போட்டும்."

"என்னடி சொல்றே? மார்க்கு உனக்குத்தான் ஜாஸ்தி. கணக்கு உனக்குத்தான் வரும். உன்னை அழைச்சுண்டு போகத்தானே வந்திருக்கேன்!"

"அதுக்குத்தான் டீச்சர். அவளுக்குக் கொழுந்து கிள்ள வரல. விடிஞ்சதுல இருந்து கிள்ளுதா, கூடை பாதி நெறையல. கங்காணி தெனம் ஏசுதான். ராத்திரி கையப் புடிச்சிக்கிட்டு அழுதா. இங்க இருந்தா அழுதே தீந்துருவா. நான் எங்க போட்டாலும் பொழச்சிக்கிடுவேன்."

குருவம்மாள் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. போகிறேன் என்றும் சொல்லவில்லை. முகத்தில் வழிந்தது மழைத் தண்ணீர்தானா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. வேலுத்தாய் எட்டி, தான் கிள்ளிய ஒரு பிடியை அவள் கூடையில் போட்டாள்.

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். எஞ்சினியர் ஆகலாம், புரொபஸர் ஆகலாம் என்றெல்லாம். அதட்டினேன்கூட. பெற்றவர்களிடம் போய்ச் சொன்னேன். "அதுக ரெண்டும் பேசி முடிச்சா முடிச்சதுதான்" என்றார் குருவம்மாளின் அப்பா கருத்தப்பாண்டி. சொல்லிவிட்டுத் தன் தங்கை மகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

என்னால் என்ன சொல்ல முடியும்? அவாவா பங்கை அவாவா என்றா?

1974 ஜூலை 12, வெள்ளி

குருவம்மாளைச் சேர்த்துவிட்டேன். ஹாஸ்டல் வாசலில் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். தெரு என்ன வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளட்டும்.

1974 ஜூலை 28, ஞாயிறு

வந்தாள். கூடத்தில் இவருக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். எதிர்வீட்டுப் பர்வதம் மாமி எட்டிப் பார்த்து, "யாரது அகிலாண்டம், புதுசா?" என்றாள். "என் பொண்ணு" என்றேன். ஏன் அப்படி வாயில் வந்தது? எங்களுக்குக் குழந்தை இல்லை என்பது அந்த மாமிக்குத் தெரியாததா என்ன.

கணக்கில் திணறுகிறாள். பாஸ் பண்ணிவிடுவாள். அதற்குமேல் போவாளா, தெரியாது. ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் "வேலு இத உடனே போட்டுருவா" என்கிறாள். நானும் ஒவ்வொரு முறையும் அதைத்தான் நினைக்கிறேன்.

1974 செப்டம்பர் 21, சனி

மன்றக் கூட்டம். விதி எழுதுவது மறுபடியும் நான்தான். வேண்டாம் என்றேன், விடவில்லை. ஏழாம் விதியோடு ஒரு வரி சேர்த்தேன்: 'தம் பங்கை முடித்தவர், நேரம் இருந்தால், ஜோடியில் மற்றவருடைய பங்கிலும் உதவலாம்.'

"எதுக்காக்கும் இது?" என்றார் வெங்கிடாசலம் சார். ஆறுமுகசாமி எனக்கு முந்திக்கொண்டு, "எழுதட்டுமுங்க, நல்லதுதானுங்க" என்றார். நிறைவேறியது.

போட்டிக்கு வரும்படி எஸ்டேட் பள்ளிக்குப் போன மாதமே நானே எழுதியிருந்தேன். பிச்சைமணி சார் பதில் போட்டுவிட்டார். இந்த வருஷம் வருவதற்குப் பிள்ளைகள் யாரும் பேர் கொடுக்கவில்லையாம்.

1974 நவம்பர் 23, சனி

போட்டி நடந்தது. ஒரு தகராறும் இல்லை. எல்லாரும் மெச்சினார்கள்.

குருவம்மாள் ஒத்தாசைக்கு வந்திருந்தாள். தாள் கொடுக்க, தண்ணீர் கொடுக்க. தொடங்குவதற்கு முன் விதிகளை நானே உரக்கப் படித்தேன். புது வரியை இரண்டு தடவை படித்தேன். புரிந்ததா என்று கேட்டேன். புரிந்தது என்றார்கள்.

முக்கால் மணி நேரம் ஆனபோது நாலைந்து பேர் தங்கள் பங்கை முடித்துவிட்டார்கள். எல்லாம் கெட்டிக்காரப் பிள்ளைகள். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு பையன் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தான். அவனுடைய ஜோடி பின் பெஞ்சில் நெற்றியில் கை வைத்துக்கொண்டு ஒரே கணக்கைத் திரும்பத் திரும்ப அடித்து எழுதிக்கொண்டிருந்தான். யாராவது ஒருவர் எழுந்திருப்பார் என்று நான் சுவரோரமாகக் காத்திருந்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை.

குருவம்மாள் தண்ணீர்ச் செம்போடு என் பக்கத்தில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சர், அந்தப் பையன் ஏன் சும்மா இருக்கான்? அவனுக்கு முடிஞ்சிட்டுல்லா? கை குடுக்கலாம்னு நீங்கதான் ரெண்டு மட்டம் படிச்சீங்களே."

படித்தேன் என்றேன். நேரம் ஆகிவிட்டது. மணி அடித்தேன், இருவருமாகத் தாள்களை வாங்கினோம்.